ஓக் பலகைக்கு அடியில்

"சட்டுன்னு சூட்டை நிறுத்துனா தரைப்பலகை வாயைப் பொளந்துரும் அண்ணி. அது ஓக் மரம். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு" என்று சல்தனத் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். அவள் குரல் முற்றத்துப் பனியைத் தாண்டி, எதிர்வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர்களின் காதுவரை போயிற்று. போகட்டும் என்றுதான் அவர்களும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்கள்.

"பொளக்கட்டும். எங்கம்மாவைச் சூட்டுத் தரையில நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எப்படிப் போட்டு வைப்ப? மீனையே அப்படி வைக்க மாட்டாங்க" என்றாள் குல்ஸியா.

விடிவதற்கு முன்னால் உல்மெகென் அம்மாள் போய்விட்டார். இலையுதிர்காலத்திலிருந்தே இருமல், டாக்டர் இதயம் என்றார், மருமகள் சல்தனத் வயது என்றாள். செமெய் நகரத்திலிருந்தும் எல்லை ஊர்களிலிருந்தும் உறவுகள் வந்து சேர வேண்டியிருந்ததால் அடக்கம் மறுநாள் நண்பகல் தொழுகைக்குப் பிறகு என்று முடிவாயிற்று. அதுவரை உடலைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். அதில்தான் சண்டை. மகன் ஒராஸ்பெக் சமையலறையில் உட்கார்ந்து, வாடகைக்குக் கம்பளிக் கூடாரம் விடுகிறவர்களோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். முற்றத்தில் கூடாரம் அடித்து அதில் அம்மாவைக் கிடத்தலாம் என்பது அவன் யோசனை. அல்லது அவன் மனைவியின் யோசனை, அவன் வாயால் வந்தது.

"நம்ம வழக்கந்தானக்கா. தாத்தாவை எங்க வச்சோம்? கூடாரத்துலதான" என்றான்.

"தாத்தா கூடாரத்துல வேண்டாம்னு சொல்லல. அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா."

அது உண்மைதான். போன மாதம் குல்ஸியா கால் பிடித்துவிடும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: என்னை வெளியே முற்றத்தில் போட்டுவிடாதே, குளிரும், வீட்டுக்குள்ளிருந்தே எடு. செத்த பிறகு என்ன குளிர் என்று குல்ஸியா சிரித்திருந்தாள். சிரித்ததற்காகவே இப்போது அந்த வார்த்தையைக் காப்பாற்றியாக வேண்டும் என்று நின்றாள். அம்மா இந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டித்தான் கடைசியாகப் போக வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்கு ஒரு அறையின் சூட்டை நிறுத்த வேண்டும்.

அந்தத் தரையைப் பற்றி எங்கள் தெருவுக்கு ஏற்கெனவே ஒரு கருத்து இருந்தது. எங்கள் ஊரான தல்திகோர்கனில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடாத புது வீடு இப்போது கிடையாது. ஆனால் மற்றவர்கள் அதன் மேல் ஓடு பதித்துவிட்டு ஒழுங்காக இருந்தார்கள். சல்தனத்துக்கு மட்டும் அசல் ஓக் பலகை வேண்டியிருந்தது. ரஷ்யாவிலிருந்து லாரி வந்தபோது ஓட்டுநருக்கு வழி காட்டுகிற சாக்கில் மூன்று தடவை தெருக்கோடிவரை நடந்தாள். குழாய், பலகை இரண்டையும் போட்டவர் குல்ஸியாவின் கணவர் பெய்சென். ஊரில் பாதித் தரை அவர் கைவேலை. மரத்தை வீட்டுக்குள் ஒரு மாதம் அடுக்கிவைத்து வீட்டுக் காற்றுக்குப் பழக்கினார்; பாய்லரைக் கூட்டுவதானாலும் குறைப்பதானாலும் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று பாடம் நடத்தினார். கம்பளம் விரிக்கவே கூடாது, பலகைக்கு மூச்சு முட்டும், அடியில் வெந்து வளைந்துபோகும் என்றார். கம்பளம் இல்லாத கசாக்கு வீடு என்று தெரு ஒரு வருடம் சிரித்தது. சல்தனத் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளங்கள் கார் கொட்டகையில் பூச்சிக்குத் தீனியாயின.

விலக்கு ஒன்று இருந்தது. உல்மெகென் அம்மாளின் அறையில் மட்டும் தடித்த கம்பளி விரிப்பு சுவரோடு சுவராகக் கிடந்தது. பெய்செனே தோளில் தூக்கிவந்து விரித்தார். வயசானவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது என்றார். மாமியார் மேல் இவ்வளவு பாசமா என்று சல்தனத் குத்தலாகச் சொன்னபோது குல்ஸியாவுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அதே பெய்சென் கையில் விறகோடு உள்ளே வந்தார். முற்றத்தில் கொப்பரை ஏற்றியிருந்தார்கள். வருகிறவர்களுக்குக் கறி வேகவைப்பது மாப்பிள்ளையின் பொறுப்பு. சண்டையைக் கொஞ்சம் நின்று கேட்டார். பிறகு விறகைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அத்தை அறைய மட்டும் மூடிடுறேன். மத்த குழாயெல்லாம் ஓடட்டும். பலகைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு."

சல்தனத் பலகைப் பேச்சை விட்டுவிட்டுக் கிண்ணங்களை எடுக்கப் போனாள். ஒராஸ்பெக் தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கிவிட்டு மச்சானை ஏறிட்டுப் பார்த்தான். அது மரியாதை என்று குல்ஸியா எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள். கல்யாணமாகி ஒரு மகளைக் கட்டிக்கொடுத்து முடிக்கும்வரை, பெய்சென் அவள் தம்பிக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒராஸ்பெக் நகராட்சியில் பெரிய இடம். அவன் கை காட்டுகிற வீடுகளில்தான் பெய்செனுக்கு வேலை. அப்படிப்பட்டவர் இன்றைக்கு எல்லார் முன்னாலும் தன் பக்கம் நின்றுவிட்டார். அழுது வீங்கிய முகத்தோடேயே அவள் கழுத்து ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

பெய்சென் வீட்டின் நடைப்பகுதிக்குப் போனார். கோட்டுகள் தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு தகர அலமாரி. வீட்டுத் தரைக்குப் போகும் குழாய்களெல்லாம் அங்கிருந்துதான் பிரிகின்றன. முதுகால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மூடியாச்சு" என்றார்.

நுரிலா அக்கா வந்து சேர்ந்ததும் காரியங்கள் நடக்கத் தொடங்கின. எங்கள் தெருவில் இறந்த பெண்களைக் குளிப்பாட்டுவது, கிடத்துவது எல்லாம் நுரிலா அக்காதான். அவளுக்கு எல்லா வீட்டுப் படுக்கையறையும் தெரியும், அதில் யார் எந்தப் பக்கம் படுக்கிறார்கள் என்பதும் தெரியும். அம்மாவின் தாடையைக் கட்டி, கைகால்களை நேராக்கி, கிடத்த வேண்டிய திசையைத் தீர்மானித்தாள். பிறகு அந்தத் தடித்த விரிப்பைப் பார்த்து, "இது வேண்டாம், இனி இவளுக்கு மெத்தை எதுக்கு, வெறுந்தரைதான்" என்றாள். நான்கு பெண்கள் சேர்ந்து விரிப்பைச் சுருட்டி நடையில் சாய்த்தார்கள். அடியில் ஓக் பலகைகள் நேற்று இழைத்ததுபோல மினுங்கின. கூடத்தில் குளிர்காலம் வந்தால் பலகைகளுக்கு நடுவே நகம் நுழையும் இடைவெளி விழும். இங்கே மயிரிழை கூட இல்லை. ஒரு துணியை விரித்து அம்மாவைக் கிடத்தி, முன்னால் திரை கட்டினார்கள். பெண்கள் சுற்றிலும் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள்.

நுரிலா அக்கா எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினாள். ஊன்றிய கையை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"நான் பூட்ஸைக் கழட்டும்போதுதான மாப்பிள்ளை மூடுனாரு. அதுக்குள்ள இப்படி ஐஸா ஆயிருச்சே. நல்ல சாமான்தான் போட்டுருக்காரு" என்றாள்.

நுரிலா அக்கா அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். அல்லது அப்படிச் சொன்னதாகப் பின்னால் எங்களிடம் சாதித்தாள்.

குல்ஸியா கணவரின் பேச்சுகளை மனப்பாடமாக அறிந்தவள். புது வீட்டுக்காரர்களிடம் அவர் சொல்லும் ஒன்று உண்டு. அடுப்பு அணைந்தால் ஒரு மணி நேரத்தில் வீடு விறைத்துவிடும். ஆனால் என் தரைக்கடியில் கனமாகச் சிமெண்டு இருக்கிறது, அது சூட்டைக் குடித்து வைத்திருக்கிறது. இன்றைக்குக் காலையில் மூடினால் நாளை மத்தியானம்வரை பூனை அந்த இடத்தை விட்டு நகராது. பூனை என்று வரும்போது எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள், பல வீடுகளில், தேநீர்க் கிண்ணத்தோடு.

பாவாடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து, யாரும் பார்க்காமல், பலகையில் வைத்தாள். பிறகு அம்மாவின் தலைமாட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து அங்கேயும் வைத்தாள்.

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்தாள். நிலைப்படியில், ஒரு கால் அறைக்குள்ளும் ஒரு கால் நடையிலுமாக, அப்படியே நின்றுவிட்டாள். காலுறை வழியாகவே தெரிந்தது. நடையிலிருந்த பாதம் சுடு ரொட்டியின் மேல் வைத்ததுபோல இருந்தது. உள்ளேயிருந்த பாதம் ஆற்றங்கரைக் கூழாங்கல்லில் இருந்தது.

பூனை ஞாபகம் வந்தது அப்போதுதான். இந்த வீட்டுச் சாம்பல் பூனை கூடத்தில் படுக்கும், பிள்ளைகள் அறையில் படுக்கும், கழிப்பறை வாசலில்கூடப் படுக்கும். "என் அறைக்குப் பூனை வர்றதே இல்ல, என்னமோ" என்று அம்மா முதல் குளிர்காலத்தில் ஒருநாள் சொன்னார். குல்ஸியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகொரு நாள், எல்லாரும் இருக்கும்போது, ரொம்பத் தயங்கி, "தரை சில்லுன்னு இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். பெய்சென் உடனே எழுந்து அறைக்குள் போனார். விரிப்பின் ஓரத்தை மடக்கி, மண்டியிட்டு, உள்ளங்கையைத் தரையில் அழுத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல. "சூடாத்தான இருக்கு அத்தை" என்றார். குல்ஸியா அம்மாவைக் கடிந்துகொண்டாள். போட்டவரே சொல்கிறார், உனக்கு ரத்தம் செத்துப்போச்சு, அதுக்குத் தரை என்ன செய்யும் என்றாள். அம்மா, "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு காலுறைக்கு மேல் மூன்றாவதை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

குல்ஸியா கோட்டுகளை விலக்கித் தகர அலமாரியைத் திறந்தாள்.

பித்தளைக் குழாய் ஒன்று குறுக்கே கிடந்தது. அதிலிருந்து ஒவ்வொரு அறைக்குமாக இரண்டிரண்டு குழாய்கள் கீழே இறங்கின; தொட்டால் சுட்டன. கடைசியில் இரண்டு வாய்கள் மட்டும் எதற்கும் இறங்காமல், தலையில் மூடி போட்டு முறுக்கப்பட்டிருந்தன. மூடிகளின் மேல் தூசி படிந்து, தூசியின் மேல் சிலந்தி வலை கட்டி, அந்த வலையும் பழசாகியிருந்தது. இன்று காலையில் யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை. தண்ணீர் கசியாமலிருக்க மூடியின் மரையில் சுற்றிய சணல் நாரின் நுனிகள் கறுத்துச் சுருண்டிருந்தன. மற்றவர்கள் நாரைக் கத்தியால் நறுக்குவார்கள். பெய்சென் லைட்டரால் பொசுக்குவார். அவள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் அதே கறுத்த நுனிகளை இருபது வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. சல்தனத். கையில் துண்டு அடுக்கோடு நின்றாள். அவள் முகத்தில் முதன்முறையாகப் பவுடர் இல்லை.

"அண்ணி" என்றாள். துண்டுகளை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. வாசல்ல நிக்கிறாங்க" என்றாள்.

வந்தவர்களைக் கட்டிக்கொண்டு மகள்தான் ஒப்பாரி வைக்க வேண்டும். எங்கள் தெரு ஒப்பாரிக்கு மதிப்பெண் போடுகிற தெரு. குல்ஸியாவுக்கு நல்ல குரல். காலையில் அவள் அழுதபோது நுரிலா அக்காவே தலையாட்டினாள். அம்மா பெற்றதை, வளர்த்ததை, புருஷனைப் புதைத்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லி, கடைசியில் மகனின் வீட்டுக்கு வருவது முறை. வைத்துக் காப்பாற்றிய பிள்ளையின் பேரைச் சொல்லாமல் முடித்தால் அது பிள்ளைக்கு இழுக்கு. காலையில் அவள் அந்த இடத்தில், பனி விழும் மாதத்தில் உன் பாதம் வசந்தத்தில் நடந்ததே என்று இழுத்தபோது சம்பந்தமில்லாத ஆண்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். இப்போது சம்பந்தி அம்மாளைக் கட்டிக்கொண்டு தொடங்கினாள். பெற்றது வந்தது, வளர்த்தது வந்தது, புதைத்தது வந்தது. மகனின் வீடு வர வேண்டிய இடத்தில் குரல் நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் சம்பந்தி அம்மாளின் தோளிலிருந்து முகத்தை எடுத்து, "உள்ள வாங்க" என்றாள்.

தொண்டை கட்டிவிட்டது என்றார்கள் சிலர். நுரிலா அக்கா அப்படிச் சொல்லவில்லை. தொண்டை கட்டுவது எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றாள்.

பொழுது இறங்கும்போது குல்ஸியா முற்றத்துக்குப் போனாள். கொப்பரைக்கு முன்னால் பெய்சென் தனியாகக் குந்தியிருந்தார். மற்ற ஆண்கள் வேலியோரம் தொலைவில் நின்று, வருகிற கார்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எதிரில் நின்றாள். கொப்பரையிலிருந்து ஆவி எழுந்து இருவருக்கும் நடுவே போயிற்று.

"அந்த ரெண்டு வாயையும் எப்ப அடைச்சீங்க?"

பெய்சென் விறகை உள்ளே தள்ளினார். அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது.

பிறகு சொன்னார். சொல்ல அதிகம் இல்லை. ஒராஸ்பெக்கின் மூத்த மகனுக்குக் கல்யாணம். பெண்வீட்டார் வந்து தங்க வேண்டும். வீடு அதற்குள் முடிந்தாக வேண்டும். குழாய் பதித்துச் சிமெண்டு ஊற்றி அது காய்ந்த பிறகு, பலகைக்கு அடியில் பிளைவுட் வைத்து, சிமெண்டில் துளை போட்டுத் திருகாணியால் முறுக்கினார். எல்லா அறைக்கும் குழாய்கள் ஒரே கணக்கில் ஓடும். எங்கே துளை போடலாம், எங்கே கூடாது என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அம்மாவின் அறையில் மட்டும் அந்தக் கணக்கை அவரே மாற்றியிருந்தார்.

"வாசலுக்கு எதிர்ச் சுவர்ப் பக்கம், அத்தை உக்கார்ற எடம், பெரியவங்க எடம்னு, அங்க மட்டும் குழாய நெருக்கி நெருக்கி ஓட்டினேன். நல்லாச் சூடா இருக்கட்டும்னு. சிமெண்டுக்கு அடியில போனதும் மறந்துட்டேன். மத்த அறைக்குப் போட்ட மாதிரியே துளை போட்டேன், ஒண்ணு குழாயிலயே இறங்கிருச்சு."

பலகையெல்லாம் ஒட்டி முடித்துப் பாய்லரைத் திறந்தபோது அந்தச் சுவரோரம் ஈரம் ஏறியது. உடைத்துப் பார்ப்பதென்றால் ஒட்டிய பலகையை வரிசையோடு பெயர்க்க வேண்டும். அதே மரம் மறுபடி வர வேண்டும். சல்தனத் அழுதாள். ஒராஸ்பெக், இப்போதைக்கு அடைத்துவிடுங்கள் மச்சான், கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். கல்யாணம் முடிந்தது. அப்புறம் குளிர்காலம் வந்தது. குளிர்காலத்தில் யார் தரையைப் பெயர்ப்பார்கள். கோடை வந்தபோது யாருக்கும் ஞாபகமில்லை, அல்லது யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நடையிலிருந்தும் கூடத்திலிருந்தும் சூடு போகும்தானே, விரிப்பு வேறு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்கள்.

"தப்பு எல்லார்கிட்டயும் நடக்குறதுதான்" என்றாள் குல்ஸியா. அவள் குரல் சாதாரணமாக, கடையில் விலை கேட்பதுபோல இருந்தது. "துளை போட்டதைக் கேக்கல. கை வச்சுப் பாத்தீங்களே."

பெய்சென் வெளியே சிதறிய தணலைக் காலால் ஒதுக்கினார்.

"எங்கம்மா முன்னாடி மண்டி போட்டு, கைய வச்சு, சூடாத்தான இருக்கு அத்தைன்னீங்க. நான் பக்கத்துல நின்னேன். நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் அவளை ஏசினேன்."

"ஒராஸ்பெக் அங்கதான உக்காந்திருந்தான். நான் என்ன சொல்லட்டும்."

"அன்னைக்கு ராத்திரி நம்ம வீட்டுல ஒராஸ்பெக் உக்காந்திருந்தானா?"

வேலியோரம் ஒரு கார் வந்து நின்றது. யாரோ ஒரு கிழவர் கைத்தடியில் சாய்ந்து, ஐயோ என் தங்கையே என்று அழுதுகொண்டே வாசலை நோக்கி நடந்தார். ஆண்கள் அவரைத் தாங்கப் போனார்கள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

பெய்சென் கொப்பரை மூடியைத் திறந்து, அகப்பையால் நுரையை எடுத்துப் பனியில் ஊற்றினார். அது பனியில் ஒரு ஓட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கியது.

"மறுபடி கேக்கவே இல்ல" என்றார்.

ஒராஸ்பெக் பின்வாசலில் தலையை நீட்டினான். அக்காவையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்துவிட்டது. "அக்கா, ஜனங்க இருக்காங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். குரலில் அதிகாரமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ இருந்தது.

"ஆமா. இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவள் அந்தக் கிழவரை வரவேற்கப் போனாள்.

தெருவுக்கு இதில் ஏமாற்றம்தான். இரண்டு வீட்டுப் பெண்கள் ஏதோ வேலை இருப்பதுபோல் முற்றத்தையே சுற்றிவந்தார்கள். கன்னத்தில் ஒரு அறை விழும், ஒரு கிண்ணம் உடையும், குறைந்தபட்சம் ஒரு சாபமாவது வரும் என்று எதிர்பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. குல்ஸியா வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள். கறி பரிமாறும்போது கணவரின் தட்டிலும் வைத்தாள், எல்லார் தட்டிலும் வைத்ததுபோல.

மறுநாள் நுரிலா அக்காவும் இன்னும் மூன்று பேரும் அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். வெந்நீர் தரையில் சிந்தி, கொஞ்ச நேரம் ஆவிவிட்டு அடங்கியது. ஓக் பலகையில் இவ்வளவு தண்ணீரா என்று பதற வேண்டிய சல்தனத் திரைக்கு வெளியே குனிந்து நின்று, கேட்கும்போதெல்லாம் துணிகளை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி முடித்ததும் ஆண்கள் உள்ளே வந்தார்கள். தலைப்பக்கம் ஒராஸ்பெக், கால்பக்கம் பெய்சென். அம்மா அவர்கள் நினைத்ததைவிட லேசாக இருந்திருக்க வேண்டும். தூக்கிய வேகத்தில் இருவரும் தடுமாறிச் சமாளித்தார்கள். உல்மெகென் அம்மாள் தான் கேட்டபடியே அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டித்தான் போனார். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. கார்கள் போன பிறகு தெரு முழுக்கப் புகைநாற்றம் நின்றது.

அறையைத் துடைத்து முடித்ததும் சல்தனத் நடையில் சாய்த்திருந்த விரிப்பை உள்ளே இழுத்தாள்.

"அது கிடக்கட்டும். நாற்பது வரைக்கும் நான் இங்கதான் படுக்கப் போறேன். வெறுந்தரையில படுத்துக்கறேன்" என்றாள் குல்ஸியா.

"ஜலதோஷம் பிடிச்சுக்கும் அண்ணி."

"பிடிக்காது. இளரத்தம்."

நாற்பதாம் நாள் சடங்குவரை மகள் தாய் அறையில் படுத்தாள் என்று ஊரெல்லாம் புகழ்ந்தார்கள். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்றார்கள். ஒரு மெல்லிய மெத்தை, அதுவும் அம்மாவுடையது. எதிர்ச்சுவரோரம், பெரியவர்கள் உட்காரும் அந்தப் பக்கத்தில் விரித்துக்கொள்வாள். ஒரு சாயங்காலம் ஒராஸ்பெக் வாசலில் வந்து நின்று, வசந்தம் வந்ததும் இந்த அறையைப் பெயர்த்துச் சரிபண்ணிவிடலாம் அக்கா, மரத்துக்குச் சொல்லிவிட்டேன் என்றான். "எதுக்கு, இப்ப யாருக்கு" என்றாள் அவள். அவன் போன பிறகு சாம்பல் பூனை வந்து நிலைப்படியில் நின்று உள்ளே பார்த்தது. கூடத்துப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

நாற்பது முடிந்ததும் குல்ஸியா மகளின் பிரசவத்துக்கென்று செமெய்க்குப் போனாள். பேத்தி பிறந்தது, தொட்டிலிட்டார்கள், பேத்திக்குப் பல் முளைத்தது, அவள் திரும்பவில்லை. அங்கே ஒரு மழலையர் பள்ளியில் சமையலுக்குச் சேர்ந்து, மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பழைய அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை பிடித்துக்கொண்டாள் என்று தகவல் வந்தது. பெய்சென் இங்கே தனியாக இருக்கிறார். வேலைக்குக் குறைவில்லை. என்ன சமைக்கிறார் என்று தெருவுக்குத் தெரியும். அதைச் சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை. சல்தனத்தின் இளைய மகள் அக்தாவ் பக்கம் எண்ணெய்க் கம்பெனிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு கடலோரம் போனாள். மூத்தவன் மனைவியோடு தலைநகருக்குப் போனான். அடுத்த கோடையில் ஒராஸ்பெக்கும் வீட்டை ஒரு பல் டாக்டருக்கு விற்றுவிட்டு அவர்கள் பின்னாலேயே போய்விட்டான். பல் டாக்டரின் மனைவி வந்த அன்றே வீடு முழுக்கச் சுவரோடு சுவராகக் கம்பளம் விரித்துவிட்டாள்.

நுரிலா அக்கா தன் தம்பி மகள் கல்யாணத்துக்கு செமெய்க்குப் போனபோது குல்ஸியாவைப் பார்க்காமல் வருவாளா. தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டதாம். பெய்சென். பண்டிகைக்கு வந்திருந்தார். இரவு முழுக்கப் பேருந்தில் வந்த முகம். ஒரு கையில் குதிரைக்கறிப் பொட்டலம், மறுகையில் ஆப்பிள் பை. குல்ஸியா கதவைத் திறந்து, "வாங்க" என்றாள். பைகளை வாங்கிக்கொண்டாள். பிறகு குனிந்து, வருகிற விருந்தாளிகளுக்கென்று வாசலில் அடுக்கி வைத்திருந்த வீட்டுச் செருப்புகளில் ஒரு ஜோடியை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

பெய்சென் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அது அவர் காலுக்குச் சின்னது. குதிகால் பின்னால் வெளியே நிற்க, அப்படியே மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.